மேல்தண்ணீர் இனிக்கும், அடித்தண்ணீர் கரிக்கும்: ஏரித்தீவு விவசாயக் கேள்வி பதில்

தமிழ்நாடு, ஆந்திர எல்லையில் கடலோடு கலக்கும் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவுகளிலிருந்தும், தடா, சூளூர்பேட்டை, ஆரம்பாக்கம் பக்கத்துக் கரை ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழ் பேசும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நாங்கள் இருக்கம் தீவில் இருக்கிறோம். உறைக்கிணற்றில் வாளி போட்டு இறைத்தவரை தண்ணீர் நன்றாக இருந்தது. போன வருஷம் அறுபது அடிக்கு போர் இறக்கி ஒரு எச்.பி. மோட்டார் வைத்தோம். மூன்றே மாதத்தில் கத்தரிச் செடியின் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இன்னும் ஆழம் போனால் நல்ல தண்ணீர் வருமா?
— வாசகி, இருக்கம் தீவு

பதில்: அநேகமாக வராது, அம்மா. ஆழம் போகப் போக இன்னும் கரிக்கும்.

தீவு மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் எங்கிருந்தோ ஊறி வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். வித்தியாசம் 25 கிராம்தான். ஆயிரத்தை 25-ஆல் வகுத்தால் 40. அதாவது, உங்கள் கிணற்று நீர்மட்டம் ஏரி மட்டத்தைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தால், அதற்குக் கீழே கணக்குப்படி நாற்பது சாண் நல்ல தண்ணீர் இருக்கும். நிஜத்தில் அவ்வளவு இருக்காது. நடுவே உப்பும் இனிப்பும் கலந்த ஒரு அடுக்கு உண்டு. கோடையில் ஏரியின் ஆழமற்ற பகுதிகள் கடல்நீரையே மிஞ்சும் அளவுக்குக் கரிப்பதால் தண்ணீர் இன்னும் கனமாகி, மேலே மிதப்பது இன்னும் மெலிந்துவிடும்.

இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புத்தண்ணீர் 4 மீட்டர் வரை கூம்பாக எழும்பி வரும். வாளியால் இறைத்தபோது மட்டம் இரண்டு விரல் இறங்கி, ராத்திரிக்குள் திரும்பிவிட்டது. அதனால் கெடவில்லை. போர் குழாயோ ஒரே புள்ளியில், அதுவும் உப்பு அடுக்குக்குப் பக்கத்திலேயே வாயை வைத்துக்கொண்டு உறிஞ்சுகிறது. சில இடங்களில் கெட்டிக் களிமண் அடுக்குக்கு அடியில், நல்ல ஆழத்தில், தனியாக நன்னீர் இருப்பதுண்டு. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடிநீரைக் கணிக்கும் நிலத்தடி நீர்த் துறையின் மின்தடை ஆய்வு இல்லாமல் அதை நம்பிப் பணத்தை இறக்காதீர்கள்.

முதல் வேலை, அந்த போரை அடைத்துவிடுவது. வெறும் மூடி போட்டால் போதாது. களிமண்ணும் சிமெண்டும் குழைத்து உள்ளே நிரப்ப வேண்டும். இல்லையென்றால் அந்தக் குழாய் வழியாகவே கீழ் உப்பு மேலேறும்.

அடுத்து, துரவு. தமிழில் 'கிணறு துரவு' என்று சேர்த்துச் சொல்லும் அதே துரவைத்தான் தெலுங்குக்காரர்கள் 'தொருவு' என்கிறார்கள். கரையோர மணலில் அகலமாகவும் மேலோட்டமாகவும் குழி தோண்டி, மேல்தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றும் பழக்கம் அது. ஆந்திராவின் பாபட்லாவில் உள்ள உவர்நீர் ஆராய்ச்சி நிலையம் இதைக் குழாய்களோடு மேம்படுத்தியது. தீவுக்கு ஏற்றபடி செய்வது இப்படி:

மே கடைசியில், நீர்மட்டம் அடியோடு இறங்கியிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். நாலரை அடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை இறக்கி, கோடை நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டரை முதல் மூன்றடி வரை போங்கள். அதற்கு மேல் வேண்டாம். அடிப்பாகத்தைக் கான்கிரீட் போட்டு மூடிவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அடி திறந்திருந்தால் தண்ணீர் கீழிருந்து வரும். மூடியிருந்தால் பக்கவாட்டில் மட்டுமே வரும்.

அந்த உறையிலிருந்து இரண்டு அல்லது மூன்று திசைகளில், 10 முதல் 15 மீட்டர் நீளத்துக்கு, 4 அங்குல பி.வி.சி. குழாய்களை நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே படுக்கவைக்க வேண்டும். குழாயில் இரும்பு வெட்டும் ரம்பத்தால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டு, மேலே கொசுவலையை விட நெருக்கமான நைலான் வலையை இரண்டு சுற்று சுற்றி, தாமிரக் கம்பியால் கட்டுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி ஒரே வருஷத்தில் துருப்பிடித்து, வலை கழன்றுவிடும். குழாயைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குச் சின்ன ஜல்லி. ஏரிக்கரைப் பக்கம் குழாயை நீட்டாதீர்கள். தீவின் நடு மேட்டுப் பக்கமாக நீட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈர மணலில் இடுப்பளவுக்கு மேல் தோண்டும்போது இரண்டு பக்கமும் பலகை முட்டுக்கொடுக்காமல் யாரும் இறங்கக்கூடாது. மணல் சரிவது சத்தமே இல்லாமல் நடக்கும், மார்பளவு புதைந்தாலே மூச்சு நின்றுவிடும்.

மோட்டார் அரை எச்.பி. போதும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று மின்கடத்தலை (இ.சி.) வைத்துக் காட்டும் கையடக்க இ.சி. மீட்டர் ஒன்றை நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டதும் ஒரு அளவு, நிறுத்தும்போது ஒரு அளவு. இரண்டுக்கும் 0.3 டெசி சீமன்ஸுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைக்கு இறைத்தது அதிகம். பக்கத்து வீட்டுத் துரவுக்கும் உங்களுடையதற்கும் குறைந்தது 50 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். எல்லோரும் ஒரே மிதக்கும் தண்ணீரைத்தான் பங்குபோடுகிறீர்கள்.

கேள்வி: ஷீட் கூரை வீடு, பத்து மீட்டருக்கு நாலு மீட்டர். மழைத்தண்ணீர் பிடித்தால் குடிக்க எத்தனை மாதம் வரும்?
— வாசகர், பழவேற்காடு

பதில்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 40 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 700 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்து, தெறிப்பது வழிவது போக ஐந்தில் நாலு பங்கு கிடைத்தால் 22,400 லிட்டர். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 7 லிட்டர் வீதம் நாளைக்கு 35 லிட்டர். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 270 நாளைக்கு 9,450 லிட்டர். ஆக 5,000 லிட்டர் டேங்க் இரண்டு வைத்தால் அடுத்த மழை வரை தாங்கும். மிச்சத்தை ஏரிக்கு ஓடவிடாமல், துரவுக்கு மேட்டுப்பக்கம் உள்ள மணல் குழியில் இறக்குங்கள்.

முதல் மழையில் உப்புப் படிவமும் பறவை எச்சமும் கழுவிக்கொண்டு வரும். அந்த அழுக்குத் தண்ணீரைப் பிடித்து ஒதுக்க என்று ஒரு அடி நீளக் குழாய்த் துண்டும் வால்வும் வைத்து ஏமாற்றுகிறார்கள். நாலு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். உங்கள் கூரைக்குக் குறைந்தது 40 லிட்டர் ஒதுக்க வேண்டும் என்பதால் 50 லிட்டர் டிரம் ஒன்றை முன்னால் வையுங்கள். அது நிரம்பிய பிறகு டேங்குக்குப் போகட்டும். மழை நின்றதும் டிரம்மைத் திறந்துவிட மறந்தால் அடுத்த மழையில் அழுக்கு நேரே உள்ளே போகும். டேங்க் கறுப்பாக இருந்தால் பாசி பிடிக்காது. வாய்க்கு நெருக்கமான வலை கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது தண்ணீர் இருக்கட்டும். காலி டேங்க் காற்றில் பறந்துவிடும்.

கேள்வி: எங்கள் துரவுத் தண்ணீரைச் சோதித்தோம். டிசம்பரில் இ.சி. 0.8, மே மாதம் 2.6 என்று வந்தது. இதில் என்னென்ன பயிர் வைக்கலாம்? நெல் வருமா? கத்தரி, மிளகாய், வெங்காயம் எல்லாம் படகில் வாங்கி வந்து கட்டுப்படி ஆகவில்லை.
— வாசகர், தடா அருகிலிருந்து

பதில்: இரண்டு அளவு எடுத்திருக்கிறீர்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஒரே அளவை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கத் திட்டம் போடுவதால்தான் பலருக்குக் கைநட்டம்.

பாய்ச்சும் தண்ணீரின் இ.சி. எவ்வளவு வரை விளைச்சல் குறையாது என்பதற்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி பீன்ஸ் 0.7, வெங்காயம் 0.8, மிளகாய் 1.0, தக்காளி 1.7, நெல் 2.0, நிலக்கடலை 2.1, பீட்ரூட் 2.7, காராமணி 3.3. கத்தரியும் வெங்காயத்தைப் போலத்தான், உப்புக்குப் பயந்த செடி. அதைத் தாண்டினால் செடி செத்துவிடாது, விளைச்சல் படிப்படியாக இறங்கும். வடிகால் நன்றாக இருந்து, செடிக்குத் தேவையானதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே தள்ளினால்தான் இந்தக் கணக்கு செல்லும். உங்கள் மணல் நிலம் அதற்கு வசதி.

இனி மாதத்தைப் பாருங்கள். வெங்காயம், மிளகாய், கத்தரி மூன்றையும் தை, மாசிக்குள் முடிக்கப் பாருங்கள். செப்டம்பரில் பந்தல் போட்டு, மழைத்தண்ணீர் தெளித்து நாற்று வளர்த்து, பெருமழை ஒன்று மண்ணைக் கழுவிய பிறகு நவம்பரில் நடுங்கள். பங்குனியில் அந்தப் பாத்தியைக் காராமணிக்குக் கொடுத்துவிடுங்கள். மே மாதத் தண்ணீரிலும் காராமணி நிற்கும். காயும் பயறும் தரும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். தீவில் புரதத்துக்கு மீன் இருக்கிறது என்று பயறை அலட்சியம் செய்கிறார்கள். மீன் ஓய்ந்த மாதங்களில் குழந்தைகள் வெறும் சோறும் புளிக்குழம்பும் சாப்பிடுவது அதனால்தான்.

பாத்தியில் ஒரு நுணுக்கம். வரப்பு கட்டி உச்சியில் நடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு முழுவதும் வரப்பின் உச்சிக்குத்தான் ஏறும். காலையில் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். வரப்பின் சரிவில், பாதி உயரத்தில் நடுங்கள். மேலே நான்கு விரல் கனத்துக்குச் சவுக்குச் சருகோ வைக்கோலோ மூடுங்கள். உப்பு மேலேறுவது வெகுவாகக் குறையும்.

சுரை, பீர்க்கு, பூசணிக்குப் பானைப் பாசனம் செய்து பாருங்கள். வர்ணம் பூசாத, ஏழு லிட்டர் மண்பானையை கழுத்து வெளியே தெரியப் புதைத்து, சுற்றி நாலு விதை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பி மூடிவைத்தால் போதும். பானையைச் சுற்றி எப்போதும் ஈரம் இருப்பதால், கொஞ்சம் கரிக்கும் தண்ணீரிலும் செடி தப்பிக்கும். ஒரு பருவத்துக்குப் பிறகு பானையின் நுண்துளைகளில் உப்பு அடைத்துக்கொள்ளும். தோண்டி எடுத்து, மழைத்தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் மறுபடி கசியும்.

நெல் வரும், மழைக்காலத்தில் மட்டும். நெல்லுக்கு உப்பு பொறுக்காத இரண்டு சமயங்கள்: நாற்றான முதல் மூன்று வாரம், பூக்கும் பத்து நாள். இடையில் ஓரளவு தாங்கும். நாற்றங்காலுக்குக் கட்டாயம் நல்ல தண்ணீர். 30 முதல் 35 நாள் வயதான, தண்டு முற்றிய நாற்றாக, குத்துக்கு மூன்று நாலு வைத்து நெருக்கி நடுங்கள். ஒற்றை நாற்று நடும் முறை உவர் நிலத்துக்குச் சரிவராது. அந்த ஒரு நாற்று போனால் அந்த இடமே பொட்டல். ரகத்துக்கு, ஆந்திரப் பக்கம் மசூலிப்பட்டினம் ஆராய்ச்சி நிலையத்தின் எம்.சி.எம். வரிசையைக் கேளுங்கள், கரையோர உவருக்கென்றே வந்தவை. நம் பாரம்பரிய ரகங்களில் குழியடிச்சானும் களர்ப்பாலையும். திருச்சியின் டி.ஆர்.ஒய். ரகங்களைப் பலர் வாங்கி வருகிறார்கள். அவை முக்கியமாகக் களர் நிலத்துக்காக உருவானவை. களரும் உவரும் வேறு வேறு. அடுத்த பதிலில் பாருங்கள்.

மண் சோதனையில் துத்தநாகம் குறைவு என்று வந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி. உரத்தோடு கலந்து போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும், வேருக்குக் கிடைக்காது.

கேள்வி: புயலின்போது ஏரித்தண்ணீர் வயலுக்குள் வந்து மூன்று நாள் நின்றது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை? குடிதண்ணீர்க் கிணற்றிலும் இறங்கிவிட்டது. இறைத்துக் கொட்டிவிடலாமா?
— வாசகர், சுண்ணாம்புகுளம்

பதில்: இரண்டிலும் அவசரப்படாதீர்கள்.

ஏரி மட்டம் இறங்கிய அன்றே வரப்பைத் தாழ்ந்த பக்கம் வெட்டித் தண்ணீரை வடியுங்கள். ஈரத்தோடு உழாதீர்கள். உழுதால் மேலே நிற்கும் உப்பு ஆழத்துக்குக் கலந்துவிடும். பிறகு முக்கால் அங்குலம் கூட மேடுபள்ளம் இல்லாமல் சமன்படுத்தி, வரப்பை உயர்த்தி, மழைத்தண்ணீரைத் தேக்குங்கள். ஒரு அடி ஆழ மண்ணின் வழியே ஒரு அடி நல்ல தண்ணீர் இறங்கினால், உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு வெளியேறிவிடும். ஆனால் அது போய்ச்சேர இடம் வேண்டும். வயலைச் சுற்றி இரண்டரை அடி ஆழ வடிகால் இல்லையென்றால் உப்பு கீழே போய் உட்கார்ந்து, சித்திரை வெயிலில் திரும்ப மேலே வரும். ஒரேயடியாகத் தேக்குவதைவிட, தேக்கி வடித்து, இரண்டு நாள் காயவிட்டு மறுபடி தேக்குவது குறைந்த தண்ணீரில் அதிக உப்பைக் கழுவும்.

ஜிப்சம் உப்பைக் கரைத்து எடுத்துவிடும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மண்ணின் இ.சி. 4-க்கு மேல் இருந்து, பி.எச். (புளிப்பு, காரத் தன்மையின் அளவு) 8.5-க்குக் கீழே இருந்தால் அது உவர் மண். அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து; ஜிப்சம் வீண் செலவு. பி.எச். 8.5-ஐத் தாண்டி, சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது களர். அந்த சோடியத்தைப் பிடுங்கத்தான் ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து தேவை. எத்தனை மூட்டை என்பதை ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் 'ஜிப்சம் தேவை' அளவு சொல்லும், யூகத்தில் போடாதீர்கள்.

மணல் நிலத்துக்கு இந்தக் கவலை குறைவு. களிமண் கலந்த வயலென்றால் கவனம் வேண்டும். மழை உப்பைக் கழுவிய பிறகு, மிஞ்சிய சோடியம் களிமண்ணைக் கூழாக்கி, காய்ந்ததும் ஓடு மாதிரி இறுக்கிவிடும். வீட்டிலேயே ஒரு சோதனை: கடலை அளவு காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் உள்ள மழைத்தண்ணீரில் கலக்காமல் போட்டு, மறுநாள் பாருங்கள். கட்டியைச் சுற்றித் தண்ணீர் பால் மாதிரி கலங்கி நின்றால் ஜிப்சம் தேவைப்படும் மண். கட்டி உடைந்தும் தண்ணீர் தெளிந்திருந்தால் தேவையில்லை.

உப்பு ஓரளவு இறங்கியதும் முதல் பயிராகத் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45-ஆம் நாள், பூ எடுக்கும் முன் மடக்கி உழுங்கள். தாமதித்தால் தண்டு நார்விட்டு மக்காது.

கிணற்றை வற்ற இறைக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் இப்படித்தான் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மேலிருந்து வந்த உப்பு போகவில்லை. கீழிருந்த உப்பும் சேர்ந்து ஏறியது. கடைசியில் மழைதான் அந்தக் கிணறுகளைத் தேற்றியது. மிதக்கும் குப்பையையும் செத்த மீனையும் எடுத்துவிட்டு, ஒருமுறை மட்டும், மெதுவாக, கிணற்றின் பாதியளவு இறைத்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம். வெள்ளத்துக்குப் பிறகு 5 கிராம். வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். அதன்பிறகும் குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கரிக்கும் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பக்கத்து நிலத்தில் இறால் குட்டை வெட்டப்போகிறார்கள். கேரளத்தில் நெல்லும் இறாலும் மாறி மாறிச் செய்கிறார்களாமே, நாமும் செய்யலாமா?
— வாசகர், சூளூர்பேட்டை பக்கம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பொக்காளி. எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டக் கழிமுகங்களில் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை வயலின் உப்பைக் கழுவ, மண்ணை மேடு மேடாகக் குவித்து, அதன் மேல் முளைகட்டிய நெல்லை விதைக்கிறார்கள். அறுவடையில் கதிரை மட்டும் கொய்து, தாளைத் தண்ணீரிலேயே விடுகிறார்கள். அது அழுகி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை வரும் இறாலுக்குத் தீனி. உரமும் இல்லை, மருந்தும் இல்லை. அங்கே தினமும் கடலின் ஏற்றவற்றம் வயலைக் கழுவுகிறது, மதகு அதைக் கட்டுப்படுத்துகிறது. நம் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடினால் நீரோட்டமே நின்றுவிடுகிறது, மழையும் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. அந்த முறையை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் நெல்லும் போகும், இறாலும் போகும்.

பக்கத்துக் குட்டை விஷயம் வேறு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணை வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஒடிசாவின் சிலிகா, நம் பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் குட்டை கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணைக்கு அந்த ஆணையத்தின் பதிவு வேண்டும். ஊர் சேர்ந்து மண்டல மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, பதிவு எண்ணைக் கேளுங்கள். குட்டை வெட்டும் முன்னே உங்கள் கிணற்று இ.சி.யைத் தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கிணறு கெட்டால், 'முன்பே கரித்தது' என்பார்கள். அந்தக் காகிதம்தான் பேசும்.

கேள்வி: மீன் கழிவு நிறைய கிடைக்கிறது. உரமாக்கலாமா? ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக வயலில் போடலாமா?
— வாசகி, பழவேற்காடு

பதில்: மீன் கழிவு நல்ல உரம், கருவாட்டுக் கழிவு கூடாது. உப்பு போட்ட தலை, குடல், கழுவிய தண்ணீர் எதுவும் தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம். பச்சை மீன் கழிவு ஒரு கிலோ, பொடித்த வெல்லம் ஒரு கிலோ, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் நிழலில் 25 நாள். கால் வாளி காலியாக இருக்கட்டும். ஆரம்பத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். தேன் நிறத்தில், பழவாசனையோடு இருந்தால் சரியாக வந்திருக்கிறது. பிணவாடை அடித்தால் வெல்லம் குறைவு. இன்னும் கால் கிலோ சேர்த்துப் பத்து நாள் வையுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி, மாலையில் தெளிக்க. மழைத்தண்ணீரில் கலப்பது நல்லது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். புளித்த மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு. நம் ஏரிக்கரை மண் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. மேலும் சுண்ணாம்பு சேர்ந்தால் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போய், இளந்தளிர் மஞ்சளாகிவிடும்.

கேள்வி: ஏரிக்கரை உப்புச் சேற்றில் முளைக்கும் உமரிக்கீரை சாப்பிடலாமா?
— வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: சாப்பிடலாம். இளந்தளிரை மட்டும் கிள்ளி, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பு போடாமல் பருப்போடு கடையுங்கள். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். சாயக்கழிவோ சாக்கடையோ வந்து சேரும் இடத்தில் பறிக்காதீர்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கை என்றால் பீமுலவாரிபாளையம் துறையிலிருந்து படகு வராது. ஒரு குடும்பத்துக்கு என்னென்ன இருப்பு வேண்டும்? விதையும் தானியமும் இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடுகிறது.
— மகளிர் குழுவினர், இருக்கம் தீவு

பதில்: ஐந்து பேருக்கு மூன்று வாரம் என்று கணக்கிடுங்கள். அரிசி தலைக்கு 400 கிராம் வீதம் 42 கிலோ. பருப்பு, பயறு 8 கிலோ. எண்ணெய் 3 லிட்டர். புளி, மிளகாய், உப்பு, வெல்லம். அடுப்புக்கு விறகை மேடையில் ஏற்றி, தார்ப்பாயால் மூடிவையுங்கள். அரிசி இருந்து விறகு நனைந்துபோனால் அந்த அரிசியால் பயனில்லை. இருப்பை செப்டம்பர் கடைசிக்குள் சேர்த்து, பொங்கலுக்குப் பிறகு சாப்பிட்டுத் தீர்த்து, அடுத்த வருஷம் புதிதாகச் சேருங்கள்.

தானியம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி. நன்றாக வெயிலில் காயவைத்த உப்பு இரண்டு கரண்டி, நெல் கால் பங்கு, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு ஒரு நிமிஷம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாட்டில் சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டும். ஒட்டாவிட்டாலும் ஒரு வெயில் காட்டிவிடுங்கள். நெல்லுக்கு 12, 13 சதவீதத்துக்கு வரவேண்டும், காய்கறி விதைக்கு 8. காய்ந்த சூடு ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு டின்னில் அடைத்தால் உள்ளே வியர்த்து, அதிலேயே பூஞ்சை வரும்.

சாக்கு மூட்டை தீவுக்கு உதவாது. காற்றுப் புகாத டின் அல்லது மூடி இறுகும் டிரம்மில், வாய்வரை நிரப்பி, மூடி விளிம்பை மெழுகால் அடையுங்கள். விதைக்கு அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு கைப்பிடி துணியில் முடிந்து வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பயறுக்கு வண்டு வராமல் கிலோவுக்கு 5 மில்லி விளக்கெண்ணெய் தடவுங்கள். ஒரே ரக விதையை மூன்று வீட்டில் பிரித்து வையுங்கள்.

இதற்கெல்லாம் மேலாகப் பனை. படகை நம்பாத சாப்பாடு அது. ஆவணி, புரட்டாசியில் விழும் பனங்கொட்டையைப் பொறுக்கி, முழங்கால் உயரத்துக்கு மணல் மேடு போட்டு, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே நாலு விரல் மணல் மூடினால் பொங்கலுக்குக் கிழங்கு தயார். மேட்டின் அடி ஏரித்தண்ணீர் எட்டாத இடமாக இருக்க வேண்டும். பிடுங்கத் தாமதித்தால் நார் ஓடிவிடும். மிஞ்சியதை அவித்து, கீறி, வெயிலில் சுண்டக் காயவைத்தால் யாழ்ப்பாணத்தார் சொல்லும் புழுக்கொடியல், மாதக்கணக்கில் கெடாது. சூளைக்குப் பனை வெட்ட ஆள் வந்தால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உலகத்தில் மற்ற தீவுக்காரர்கள் எப்படிச் சாப்பாட்டுக்கு வழி செய்கிறார்கள்? நமக்கு அதில் எது ஆகும்? மண்ணில்லாமல் குழாயில் உரக்கரைசல் ஓட்டிச் செய்யும் விவசாயம் இங்கே ஆகுமா?
— ஆசிரியை, சூளூர்பேட்டை

பதில்: பசிபிக் கடலில் கிரிபாட்டித் தீவினர், பவளத் தீவில் மிதக்கும் நன்னீரைத் தொடும்வரை பெரிய குழி வெட்டி, 'பாபாய்' என்னும் பெருஞ்சேம்பை நடுகிறார்கள். தாழை ஓலையால் பின்னிய, அடியில்லாத கூடையைச் செடியைச் சுற்றி வைத்து, மக்கிய இலையை அவ்வப்போது நிரப்புகிறார்கள். மண்ணே இல்லாத பவள மணலில் மண்ணை உண்டாக்கும் வேலை அது. அதில் கூடையும் இலைமக்கும் நமக்கு ஆகும், குழி ஆகாது. ஒருமுறை கடல் ஏறினால் அந்தக் குழிகளில் உப்பு தங்கி, நீண்ட காலம் பயிர் பிடிக்காது. புயல் வருஷாவருஷம் எட்டிப்பார்க்கும் நம் கரையில் அதே கூடையைத் தரைக்கு மேல் வைத்து, வாழையோ முருங்கையோ நடலாம். இரண்டடி விட்டம், இரண்டடி உயரம், அடியில் தேங்காய் மட்டை, மேலே சருகும் ஆட்டெருவும்.

நமக்கு அருகே லட்சத்தீவு. மக்கள் வாழும் பத்துத் தீவுகள், மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2020-இல் முழுவதும் இயற்கை வேளாண்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மேலே போட்ட எதுவும் மணல் வழியே குடிதண்ணீருக்குள் இறங்கிவிடும் இடத்தில் யூரியாவும் பூச்சிமருந்தும் கூடாது என்பதற்கு நல்ல பாடம். நம் துரவுக்கும் அது பொருந்தும். ஆனால் தென்னை ஒன்றையே நம்பிய தீவு என்பதால் அரிசி முழுக்கக் கப்பலில் வருகிறது. அங்கே வீட்டைச் சுற்றி ஈரப்பலாவும் முருங்கையும் தவசிக்கீரையும் வைக்கிறார்கள். தென்னையில் எலி ஏறாமல் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றுகிறார்கள். பிள்ளைகளைக் கொண்டு பள்ளித் தென்னை ஒன்றில் செய்துபாருங்கள். தகரத்தின் மேல் விளிம்பில் இடைவெளி விடாமல் ஆணி அடிப்பதும், பக்கத்து மரத்து மட்டை உரசாமல் கழிப்பதும் முக்கியம். இல்லையென்றால் எலி அந்த மட்டை வழியாக வரும்.

மண்ணில்லாத குழாய் விவசாயத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கரைசல் உரமும் விடாத மின்சாரமும் வெளியிலிருந்து வரவேண்டும். படகு நிற்கும் வாரத்தில், கரண்ட் போன இரண்டாம் நாளே செடி வாடிவிடும். பள்ளியில் பாடமாகக் காட்ட ஒரு சின்னக் குழாய் வைக்கலாம். சத்துணவுக்குக் கீரை வேண்டுமென்றால் கூரைத் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் இரண்டு செண்டில் தண்டங்கீரையும் பொன்னாங்கண்ணியும் முதலில் போடுங்கள். கை கழுவும் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டால் கோடையிலும் பச்சை இருக்கும்.